நானூற்று எண்பத்தேழாம் பக்கம்

மூன்றாவது அட்டைப்பெட்டியைப் பிரித்து, மேலாகக் கிடந்த புத்தகத்தின் முதல் தாளைப் புரட்டியதும் ட்ரெவர் மால்ட்பி தன்னுடைய கையெழுத்தையே பார்த்தார். 'ரேமண்டுக்கு. கிறிஸ்துமஸ் 1986. படித்துத் திருந்து. ட்ரெவர்.' அடுத்ததை எடுத்தார். 1991. அதற்கடுத்தது 1983, அட்டையில் சிவப்பு வானம், அதன் கீழே ஒரு டாங்கி. அண்ணன் ரேமண்டுக்குத் தன் கையால் காகிதம் சுற்றி, ஒட்டி, மேலே நாடா கட்டிக் கொடுத்த புத்தகங்கள் எல்லாம் இப்போது லவுத் ஊர்ச் சந்தைத் தெருவில், மருத்துவமனைக்கு நிதி திரட்டும் பழைய புத்தகக் கடையின் பின்னறையில், வாழைப்பழம் வந்திறங்கிய பெட்டிக்குள் கிடந்தன.

செவ்வாய்க்கிழமைகளில் ட்ரெவர் அங்கே சம்பளமில்லாத வேலை பார்த்தார். பேருந்துக் கம்பெனியில் நாற்பது வருடம் கால அட்டவணை தயாரித்த மனிதருக்கு ஓய்வு பெற்ற பிறகும் எதையாவது வரிசைப்படுத்தினால்தான் சோறு இறங்கும். அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது யுத்த அலமாரி. தோட்டக்கலைக்கும் சமையலுக்கும் நடுவில் இருந்தது அது. உலக யுத்தங்கள் இரண்டும் அங்கே ஆறு தட்டுகளில் வருடவாரியாக நடந்துகொண்டிருந்தன. மழைச்சட்டை போட்ட கிழவர்கள் வருவார்கள். ஒரு கிலோ கனமுள்ள புத்தகத்தை உருவி, நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போய், பெயர் அட்டவணையில் தங்கள் அப்பாவின் படைப்பிரிவு இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடுவார்கள். இல்லையென்றால் திரும்பச் செருகிவிட்டு மழையில் இறங்கிப் போவார்கள். வாங்குவதற்கு முன் அட்டவணையில் அப்பாவைத் தேடாத ஆண்பிள்ளையை அந்த ஊரில் ட்ரெவர் பார்த்ததில்லை. அவரே அப்படித்தான்.

யுத்தப் புத்தகங்கள் கடைக்கு இரண்டே வழிகளில்தான் வந்து சேரும் என்பது, யுத்த அலமாரிக்காக அவரை 'மார்ஷல்' என்று கூப்பிடும் மேலாளர் ஜில்லியனின் கண்டுபிடிப்பு. ஒன்று, ஆள் போய்விட்டார். இல்லையென்றால், மனைவி ஜெயித்துவிட்டாள்.

"ஜில்லியன், இந்தப் பெட்டிய யாரு கொண்டாந்தாங்க?"

"சனிக்கிழமை ஒரு அம்மா வந்தாங்க. நீலக் காரு. ஏன் மார்ஷல், உள்ள வெடிக்காத குண்டு ஏதாவது கெடக்கா?"

"என்ன சொன்னாங்க?"

ஜில்லியன் கையிலிருந்த விலைச்சீட்டுகளைக் கீழே வைத்தாள். "'அவருக்கு இனிமே தேவைப்படாது'ன்னாங்க. அப்படிச் சொல்றவங்ககிட்ட மேல ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னு நான் வெச்சிருக்கேன். ஏன், தெரிஞ்சவங்களா? மொகமே சரியில்லையே ஒங்களுக்கு."

"தூசி" என்றார் ட்ரெவர்.

உள்ளூர்ப் பத்திரிகையின் மரண அறிவிப்புகளை அவர் ஒரு வாரமும் விட்டதில்லை. விட்டது போன இரண்டு வாரங்கள்தான்; லீட்ஸில் மகள் வீட்டில் இருந்தார். மனிதன் எழுபத்தைந்து வருடம் கவனமாக இருந்துவிட்டு, எந்த வாரம் கவனக்குறைவாக இருக்கிறானோ அந்த வாரத்தைத்தானா அண்ணன் தேர்ந்தெடுப்பான்? ரேமண்ட் செய்யக்கூடியவன்தான். ஒரு போன் போட்டால் தீர்ந்துவிடும் விஷயம். கைப்பேசியை எடுத்தார். டோரீன் அண்ணி 'ஹலோ' என்று சொல்லும் விதத்திலேயே தெரிந்துவிடும். அதனால்தான் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

ஒன்பது வருடமாக அண்ணனோடு பேச்சில்லை.

அதற்கு முன்னால் முப்பத்தைந்து கிறிஸ்துமஸ்களுக்கு அவர்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. ஆளுக்கொரு யுத்தப் புத்தகம் வாங்கி மற்றவருக்குப் பரிசளிப்பார்கள். அக்டோபரிலேயே வாங்கிவிடுவார்கள். வாங்கி, பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, கை கழுவிக்கொண்டு, டிசம்பருக்குள் முதலில் தாங்களே படித்து முடித்துவிடுவார்கள். பரிசைத் தான் அனுபவித்துவிட்டுக் கொடுப்பது நாகரிகமில்லை என்று இருவருக்குமே தெரியும். ஆனால் பண்டிகைக்கு மறுநாள் குளிர்ந்த பன்றிக்கறியும், பிளம் ரொட்டியும், பாலாடைக்கட்டியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து சண்டை போடுவதென்றால் கொடுத்தவனும் படித்திருக்க வேண்டாமா? வாங்கியவன் ஒரே இரவில் பாதியாவது படித்துவிட்டு வந்து நிற்பான். கடுகு ஜாடி ரஷ்யப் படையாகும். ஊறுகாய்ப் பாட்டில் ஜெர்மன் டாங்கிகள். "ஸ்டாலின்கிராடைக் கொஞ்சம் அப்பால தள்ளு, உருளைக்கெழங்கு வரணும்" என்பாள் டோரீன்.

ட்ரெவர் பென்சிலோடுதான் படிப்பார். பென்சில் இல்லாமல் படிப்பது அவருக்குக் கரண்டியில்லாமல் கஞ்சி குடிப்பது மாதிரி. தவறான தேதி, தலைகீழாக அச்சான வரைபடம், இருபது பக்கத்துக்கு முன் செத்துப்போன தளபதி திரும்ப வந்து உத்தரவு போடுவது என்று எதையும் விடமாட்டார், ஓரத்தில் குறித்துவிடுவார். கூடவே ரேமண்டைப் பற்றியும் இரண்டு வரி. டிசம்பர் இருபத்துமூன்றாம் தேதி ரப்பரோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்து, தூசியை ஊதி, காகிதம் சுற்றுவார்.

2013இல் அவர் வாங்கியது 1940 வசந்தகாலத்தில் பிரெஞ்சு மண்ணில் பிரிட்டிஷ் படை பட்ட பாட்டைப் பற்றிய தடிப் புத்தகம். வழக்கம்போல முதலில் பின்பக்கம் போனார். அப்பாவின் பிரிவு இருந்தது! அப்பா பட்டாளத்தில் ரொட்டி சுடும் பிரிவில் இருந்தவர். டன்கிர்க் கடற்கரையில் கழுத்தளவு தண்ணீரில், கைக்கடிகாரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் படகுக்காக நின்ற கதையை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்வார். ஒவ்வொரு வருடமும் தண்ணீர் ஒரு அங்குலம் ஏறும். பின்னிணைப்பின் நானூற்று எண்பத்தேழாம் பக்கமோ, அந்தப் பிரிவு டன்கிர்க் பக்கமே போகவில்லை, இரண்டு வாரம் கழித்து செர்பூர் துறைமுகத்தில் ஒழுங்காக வரிசையில் நின்று கப்பலேறி வந்தது என்று ஒன்றரை வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டது. தவறு கண்டுபிடித்தே வளர்ந்த கை. ட்ரெவர் யோசிக்கவேயில்லை. ஓரத்தில் எழுதினார்: 'மாட்டினார் அப்பா! கால்கூட நனையவில்லை!' ஆச்சரியக்குறி இரண்டு.

நாற்பத்தோரு குறிப்புகளை அழித்தார். பின்னிணைப்புக்கு வரும்போது போன் அடித்தது. எழுந்து போய்ப் பேசிவிட்டு வந்து, முடிந்துவிட்டது என்று நினைத்துக் காகிதம் சுற்றிவிட்டார்.

ஜனவரி நான்காம் தேதி ரேமண்ட் கூப்பிட்டான். "நானூத்தி எண்பத்தேழாம் பக்கம் பாத்தேன்" என்றான். வைத்துவிட்டான். அதுதான் கடைசி. அப்பாவைக் கடைசி இரண்டு வருடம் குளிப்பாட்டி, சவரம் செய்து, அவருடைய ரொட்டிக் கடையையும் எடுத்து நடத்தியவன் ரேமண்ட். ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டுப் போனவர் ட்ரெவர். மன்னிப்புக் கேட்க அவர் மூன்று கடிதங்கள் எழுதினார். மூன்றிலும் 'ஆனால் தகவல் சரிதான்' என்று ஒரு வரி வந்து உட்கார்ந்துகொண்டது. தபாலில் சேர்க்கவில்லை.

பெட்டிகளை இழுத்துப் போட்டு, தரையில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார். வருடவாரியாக அடுக்கினார், கை தானாகச் செய்தது. 1979, 1980, 1981. அதைப் புரட்டியபோதுதான் ஓரத்தில் சாம்பல் நிறமாக ஒரு திட்டு கண்ணில் பட்டது. அழுக்கு என்று நினைத்து வெளிச்சத்தில் பிடித்தார். பென்சிலைப் படுக்கவைத்து லேசாகத் தேய்த்த சாம்பல் அது. அதற்கு நடுவே, காகிதத்தில் பதிந்த பள்ளங்களில் பென்சில் ஏறாமல், வெள்ளை வெள்ளையாக எழுத்துகள். 'ரேமண்டுக்கு வரைபடம் பார்க்கத் தெரியாது.' ட்ரெவரின் கையெழுத்து.

பக்கம் பக்கமாகத் திருப்பினார். அழித்த இடத்திலெல்லாம் அந்தச் சாம்பல் திட்டு இருந்தது. அடுத்த புத்தகத்திலும், அதற்கடுத்ததிலும்கூட. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழித்த ஒவ்வொரு வரியையும் அந்தத் தடியன் ஒற்றன் மாதிரி தேய்த்துத் தேய்த்து மேலே கொண்டுவந்திருக்கிறான். சில இடங்களில் கீழே, ரொட்டிக்காரனின் குண்டு எழுத்தில் பதிலும் இருந்தது. 'இதை ஊறுகாய் வரும்போது கேட்க வேண்டும்.' 'ட்ரெவர் சொல்வது சரி. அவனிடம் சொல்லக் கூடாது.' 1994இல் 'இந்த அத்தியாயத்தை ரேமண்ட் தாண்டிவிடுவான்' என்பதற்கு நேராக ஒரே ஒரு வார்த்தை: 'தாண்டினேன்.'

ட்ரெவருக்குச் சிரிப்பு வந்தது. பின்னறையில் தனியாக, தோட்டக்கலைப் பெட்டியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். சிரிப்பு வேறு ஏதோவாக மாறப் போனபோது மூக்கை உறிஞ்சிவிட்டு மறுபடி எண்ணினார். முப்பத்துநான்கு. பெட்டிகளைக் கவிழ்த்துத் தட்டினார். 2013 மட்டும் இல்லை. அடுப்பில் போட்டிருக்க வேண்டும். அல்லது வைத்திருக்க வேண்டும். இரண்டில் எது என்று தெரியாமல் அன்றைக்கு அவரால் யுத்த அலமாரியில் ஒரு புத்தகத்தைக்கூட அடுக்கியிருக்க முடியாது.

"ஜில்லியன், இதுக்கெல்லாம் விலைச்சீட்டு ஒட்டாதீங்க."

"ஏன் மார்ஷல், பின்வாங்குறீங்களா?"

"ஆமா" என்று சொல்லி மேல்சட்டையை மாட்டிக்கொண்டார். அதன் காலரில், யுத்தத்தில் செத்தவர்களின் நினைவாக எல்லோரும் குத்திக்கொள்ளும் சிவப்புக் காகிதப் பூ இருந்தது. நவம்பர்.

பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில்தான் வீடு. மனைவி ஐலீன் அவரைப் பார்த்ததும் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மேபிள்தோர்ப் போறேன், ரேமண்ட் வீட்டுக்கு."

"ஒம்போது வருஷமா நான் சொல்லிட்டிருக்கேன். இன்னிக்கு எந்தப் புத்தகம் சொல்லுச்சு?"

விஷயத்தைச் சொன்னார். ஐலீன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, "வெறுங்கையோட போகாத" என்றாள். அவள் சொன்னது ரொட்டியை. ட்ரெவர் மாடியேறித் துணி அலமாரியைத் திறந்தார். அடித்தட்டில், காகிதம் சுற்றிய எட்டுப் பொட்டலங்கள் இருந்தன. 2014இலிருந்து வருடத்துக்கு ஒன்று. அக்டோபரில் வாங்கி, கை கழுவிக்கொண்டு படித்து, டிசம்பர் இருபத்துமூன்றாம் தேதி அழித்து, சுற்றி வைத்தவை. யாருக்காக அழிக்கிறாய் என்று ஐலீன் கேட்கும்போதெல்லாம் பக்கத்துத் தூசியை ஊதுவார். மேலேயிருந்த ஒன்றை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பேருந்து நான்கு நிமிடம் தாமதம். வேறொரு நாளாக இருந்தால் ஓட்டுநரிடம் சொல்லியிருப்பார். முட்டைக்கோஸ் வயல்களும், தட்டையான வானமும், ஒரு காலத்தில் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பிப்போன, இப்போது கோழிப்பண்ணையாகிவிட்ட ஓடுபாதையும் ஜன்னலில் பின்னால் போயின. டோரீன் கதவைத் திறப்பாள், கறுப்பு உடுத்தியிருப்பாள், 'வா ட்ரெவர், அடுத்த வாரமாவது சொல்லலாம்னு இருந்தேன்' என்பாள். அதற்கு என்ன பதில் சொல்வது? 'தகவலுக்கு நன்றி' என்றா?

கடல் சுவருக்கு இந்தப் பக்கம் சின்னச் சின்ன ஓட்டு வீடுகள் கொண்ட தெரு. டோரீன் கதவைத் திறந்தாள். மஞ்சள் நிறக் கம்பளிச் சட்டை. கையில் உருளைக்கிழங்கு சீவும் கத்தி.

"செவ்வாக்கெழமையேவா? நான் வியாழக்கெழமைன்னு நெனச்சேன்" என்றாள்.

ட்ரெவர் அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "ரேமண்ட்..."

"உள்ளதான் இருக்கான். எங்க போவான்? கண்ணு போச்சு ட்ரெவர். நடுவுல ஒண்ணும் தெரியல அவனுக்கு, ஓரம் மட்டுந்தான். படிக்கிறது போன வருஷத்தோட முடிஞ்சுது."

"அந்தப் பொட்டியெல்லாம்..."

"இந்த ஊர்லயே பழைய புத்தகக் கடை மூணு இருக்கு. பெட்ரோல் போட்டு லவுத் வரைக்கும், நீ வேல பாக்குற கடையத் தேடி எதுக்கு வந்தேன்னு நெனக்கிற? ஒங்க ரெண்டு பேருக்கும் லெட்டர் போட்டா வேலைக்காவாது. புத்தகம் அனுப்புனாத்தான் மண்டையில ஏறும். காலத் தொடைச்சிட்டு வா."

ரேமண்ட் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். எழுபத்தெட்டு வயது. தோள் மட்டும் இன்னும் மாவு பிசைந்த தோள்தான். பாதை தவறிய மாதிரி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கண்ணின் ஓரத்தால் வாசலைப் பார்த்தான்.

"யாரு?"

"நாந்தான்."

"நாந்தான்னா? ஜெர்மன்காரனா?"

"ட்ரெவர்."

சமையலறையில் கத்தி நின்றது. ரேமண்ட் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தான். "அப்பா கொரல் வந்துடுச்சுடா ஒனக்கு" என்றான்.

ட்ரெவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். நடுவிலிருந்த சின்ன மேஜையில் டீக்கோப்பை ஒன்றின் கீழே அது இருந்தது. 2013. அட்டையில் வட்டவட்டமாகக் கோப்பைக் கறை. ஒன்பது வருடக் கறை.

"எல்லாத்தையும் தேய்ச்சுப் படிச்சிருக்க" என்றார்.

"பின்ன? நீ அழிச்சதுலதான் ருசியே. புத்தகம் எழுதினவனுக்கு அவ்வளவு தெரியாது."

"என்னத் திட்டியிருக்கலாமே. எம்பத்தொண்ணுலயே திட்டியிருக்கலாம்."

"எதுக்கு? நெனக்கிறது எல்லாரும் நெனக்கிறதுதான். நீ ஒக்காந்து அழிச்சிருக்கியே, அது போதும் எனக்கு." ரேமண்ட் கையை நீட்டிக் கோப்பையைத் தடவி எடுத்து நகர்த்தினான். "அத மட்டும் நீ அழிக்கல. நான் படிக்கணும்னு விட்டு வெச்சிருக்கன்னு தோணுச்சு."

"மறந்துட்டேன்டா. சத்தியமா. அழிச்சிட்டே வந்தேன், பின்னிணைப்புக்கு வரச்சே போன் அடிச்சுது. பேசிட்டு வந்து முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டேன்."

"எவன்டா அந்த நேரத்துல போன் பண்ணவன்?"

"நீதான். பிளம் ரொட்டி ஒண்ணு போதுமா ரெண்டா சுடட்டுமான்னு கேட்ட."

சமையலறையில் ஏதோ பாத்திரம் சிங்கில் விழுந்தது. "கடவுளே!" என்றாள் டோரீன். "ரெண்டு கழுதைங்க!"

ரேமண்ட் சிரிக்கவில்லை. "ரெண்டுன்னு சொன்ன நீ" என்றான்.

"ரெண்டு."

வெளியே கடல் சுவருக்கு மேல் நாயோடு ஒருவர் நடந்து போனார். ரேமண்ட் அவர் போகும் வரை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா டன்கிர்க்ல இல்லன்னு எனக்குத் தெரியும். கடைசி மாசம் சொன்னாரு. நான் சவரம் பண்ணிட்டிருந்தேன். 'நான் ரொட்டிதான்டா சுட்டேன், ரொட்டி சுட்டேன்னு சொன்னா ஒருத்தனும் ரெண்டாவது கேள்வி கேக்கல'ன்னாரு." தன் கன்னத்தைத் தடவிக்கொண்டான். "'ட்ரெவர்கிட்ட சொல்லாத, அவன் தேதி கேப்பான்'னாரு."

ட்ரெவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். கேட்டிருப்பார். தேதி மட்டுமா, கப்பலின் பெயரையும் கேட்டிருப்பார்.

"கையில என்ன, காகிதச் சத்தம்?" என்றான் ரேமண்ட்.

கொடுத்தார். ரேமண்ட் நாடாவை அவிழ்க்காமல் பக்கவாட்டில் தள்ளிக் கழற்றினான். எப்போதும் அப்படித்தான், நாடாவை டோரீன் அடுத்த வருடத்துக்கு எடுத்து வைப்பாள். காகிதத்தைப் பிரித்து, கனத்தைக் கையில் ஏந்திப் பார்த்தான். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தான். "பழசு. எந்த வருஷம்?"

"தெரியல. பாக்காம எடுத்துட்டு வந்தேன்."

"ஒனக்கு வருஷம் தெரியலயா!" என்றவன், புத்தகத்தை நடுவில் திறந்து மடியில் வைத்துக்கொண்டான். அச்சுப் பக்கம் அவன் விரல்கள் போகவேயில்லை. ஓரத்துக்குப் போயின. மாவு பதம் பார்த்த கட்டை விரல் வெறும் வெள்ளையில் மேலிருந்து கீழாக மெல்ல இறங்கியது. ஒரு தாளைத் திருப்பினான். இன்னொன்று. அந்த மூன்றாவது தாளில், பாதி வழியில், விரல் நின்றது. கொஞ்சம் பின்னால் போனது. மறுபடி முன்னால் வந்தது.

"இங்க என்னமோ எழுதி அழிச்சிருக்க. ரொம்ப அழுத்தி எழுதியிருக்கடா. என்னது?"

ட்ரெவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். பக்கம் சுத்தமாக இருந்தது. என்ன எழுதினோம் என்று அவருக்குக் கொஞ்சம்கூட நினைவில்லை. அண்ணனைத் திட்டியிருக்கலாம். தளபதியைத் திட்டியிருக்கலாம். பேச்சில்லாத ஏதோ ஒரு டிசம்பரில், பழுப்புக் காகித அட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, எதை வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்.

"என்னன்னு சொல்லேன்டா."

"இரு" என்றார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். அண்ணனின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. பென்சிலைப் படுக்கவைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, லேசாகத் தேய்க்க ஆரம்பித்தார். ரேமண்ட் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கண்ணின் ஓரத்தால் தம்பியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். சாம்பல் மெல்லப் படர்ந்தது. அதற்குள்ளிருந்து, வெள்ளையாக, முதலில் ஒரு 'ரே' எழுந்து வந்தது.